பச்சை குத்திய இடத்தில் என்ன பூசலாம்? எண்ணெய், மஞ்சள், கற்றாழை, கடல் தண்ணீர்: ஓர் எளிய விளக்கம்

ராமேஸ்வரத்திலோ ராமநாதபுரம் டவுனிலோ டாட்டூ குத்திக்கொண்டு ஊர் திரும்பும் ஒருவருக்கு, வீடு போய்ச் சேர்வதற்குள் நாலு வைத்தியமாவது கிடைத்துவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் என்பார். வீட்டில் அப்பத்தா மஞ்சள் என்பார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர், "ரெண்டு நாள் கடல்ல முங்கி எந்திரி மாப்ள, தானா ஆறிரும்" என்பார். செல்போனைத் திறந்தால் தேன், கற்றாழை, வேப்பெண்ணெய், டீ ட்ரீ ஆயில் என்று வரிசை கட்டி நிற்கும். எல்லாரும் கடைசியில் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: "இயற்கையானது, ஒண்ணும் பண்ணாது."

ஒன்றும் பண்ணாத பொருளை எதற்குப் பூச வேண்டும்? ஏதோ பண்ணுகிறது என்றால், என்ன பண்ணுகிறது, எந்த நாளில் பண்ணுகிறது, தோலின் எந்த அடுக்கு வரை போகிறது? இந்த மூன்று கேள்விகளைக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மருத்துவப் படிப்பெல்லாம் வேண்டாம். தோலில் ஊசி எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஊசி எங்கே போகிறது

தோல் ஒரே படலம் போலத் தெரிந்தாலும் அதில் முக்கியமாக இரண்டு அடுக்குகள் உண்டு. வெளியே இருப்பது மேல்தோல். இது மெல்லியது. இதன் செல்கள் அடியில் பிறந்து மேலே வந்து, செத்து, உதிர்ந்துகொண்டே இருக்கும். குளிக்கும்போது தேய்த்தால் அழுக்கோடு திரண்டு வருவதில் பாதி இதுதான். அதற்குக் கீழே இருப்பது உள்தோல். ரத்தக்குழாய், நரம்பு, வேர்வைச் சுரப்பி எல்லாம் அங்கேதான். அது இப்படி உதிர்வதில்லை.

டாட்டூ இயந்திரத்தின் ஊசி நிமிடத்துக்கு ஐம்பதில் தொடங்கி மூவாயிரம் தடவை வரை ஏறி இறங்கும். மேல்தோலைத் துளைத்து, சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையை இறக்கும். மேல்தோலில் மட்டும் இறங்கிய மை சில வாரங்களில் உதிர்ந்து போய்விடும். உள்தோலில் இறங்கியதுதான் நிற்கும்.

அது எப்படி நிற்கிறது என்பது இன்னும் சுவாரசியம். மை உள்ளே வந்ததும், அந்நியப் பொருள் நுழைந்துவிட்டதென்று உடம்பு தன் காவல் செல்களை அனுப்புகிறது. இவற்றுக்கு மேக்ரோபேஜ் என்று பெயர். கிருமியையும் குப்பையையும் விழுங்கிச் செரிப்பது இவற்றின் வேலை. மைத்துகளையும் விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. வயிற்றில் மையோடு அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. 2018-ல் பிரான்ஸில் எலிகளை வைத்து நடந்த ஆய்வில், மையைச் சுமந்த செல் செத்ததும் அது விட்ட மையைப் புதிதாக வந்த மேக்ரோபேஜ் எடுத்துக்கொள்வது தெரிந்தது. நம் கையில் தெரியும் படம், இப்படிக் கைமாறிக் கைமாறி நிற்கும் மைதான். கொஞ்சம் மை நிணநீர் (திசுக்களிலிருந்து வடியும் தெளிந்த நீர்) வழியாக அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் போய்ச் சேரும்.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மை இருப்பது உள்தோலின் செல்லுக்குள். மேலே தடவும் எண்ணெயோ ஜெல்லோ அங்கே போய் நிறத்தை "ஊட்டுவது" நடக்காது. எண்ணெய் தடவியதும் பழைய டாட்டூ பளிச்சென்று தெரிகிறதே என்றால், வறண்ட மேல்தோலின் வெண்மை படிந்துபோய் அடியில் இருப்பது தெளிவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். "கலரைப் பூட்டும் மூலிகைத் தைலம்" என்று விற்பவரிடம் காசைக் கொடுக்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: டாட்டூ என்பது ஆயிரக்கணக்கான ஊசிக்குத்துகள் சேர்ந்த திறந்த புண். மையைக் காப்பது உடம்பின் வேலை. நம் கையில் இருப்பது மேல்தோல் ஒழுங்காக மூடிக்கொள்ள இடம் கொடுப்பது மட்டும்.

காய விடுவதா, ஈரமாக வைப்பதா

"காத்தாட விடு, காஞ்சு பொருக்குத் தட்டுனா ஆறிரும்." முட்டி சிராய்த்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தது இது. 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்பவர் இதைப் பன்றிக்குட்டிகளின் தோலில் சோதித்துப் பார்த்தார். சில காயங்களைக் காற்றில் காய விட்டார். சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடி ஈரம் போகாமல் வைத்தார். மூடிய காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. இன்றைய காயக்கட்டுகள் பலவற்றுக்கும் இந்தச் சோதனைதான் விதை.

காரணம் எளிது. காயத்தின் ஓரத்திலிருந்து புதுச் செல்கள் நடுவை நோக்கி ஊர்ந்து வர வேண்டும். ஈரமான பரப்பில் நேராக ஊர்ந்து வரும். கெட்டியான பொருக்கு இருந்தால் அதற்கு அடியில் ஈரம் உள்ள இடத்தைத் தேடிக் குடைந்து போக வேண்டும். டாட்டூவில் கெட்டிப் பொருக்கு விழுந்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. அதைப் பிய்த்தால் மையும் சேர்ந்து வந்து, அங்கங்கே வெளிறிய திட்டு விழும்.

ஈரம் என்றால் எவ்வளவு? வீட்டுக்குத் தரை போட்ட அனுபவம் உள்ளவர்களுக்குச் சட்டென்று புரியும். சிமெண்டுத் தரை போட்ட மறுநாளே மேலே இறுகிவிடும். ஆனால் கொத்தனார் விட மாட்டார், நனைத்த சாக்கைப் போட்டு நாள் கணக்கில் தண்ணீர் விடச் சொல்வார். காய விட்டால் விரிசல் விழும். இறுகுமுன் வெள்ளம் போல் ஊற்றினால் மேல்பால் கரைந்து ஓடிவிடும். மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே இறுகப் பல வாரம் ஆகும். டாட்டூவும் அதே கதை. மேல்தோல் மூட இரண்டு மூன்று வாரம். உள்தோல் முழுக்கச் சீராகச் சில மாதம். அந்த முதல் இரண்டு மூன்று வாரத்துக்குத் தேவை நனைத்த சாக்கு அளவு ஈரம், அதாவது விரலால் தொட்டால் பிசுபிசுக்காத மெல்லிய பூச்சு.

இயற்கைப் பொருள் செய்யக்கூடிய வேலைகள்

காயத்தின் மேல் ஒரு பொருள் ஈரத்தைப் பொறுத்தவரை மூன்று விதமாக வேலை செய்யும். தண்ணீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் பொருட்கள் ஒரு ரகம்: கிளிசரின், தேன், கற்றாழைச் சதை. உதிரும் செல்களுக்கு இடையே இறங்கி மென்மையாக்குபவை இன்னொரு ரகம்: தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், ஷியா வெண்ணெய். மேலே படலமாக நின்று ஈரம் ஆவியாகாமல் பூட்டுபவை மூன்றாவது: தேன்மெழுகு, கம்பளி ஆட்டின் ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின், கச்சா எண்ணெயிலிருந்து வரும் பெட்ரோலியம் ஜெல்லி.

கடைசியில் சொன்னது "கெமிக்கல்" என்று பலர் ஒதுக்குவார்கள். ஆனால் சுத்திகரித்த பெட்ரோலியம் ஜெல்லிக்கு யாருக்கும் ஒவ்வாமை வருவது மிக அபூர்வம். லனோலினுக்கு வரும், தேன்மெழுகுக்கு வரும், லாவெண்டர் எண்ணெய்க்கு வரும், டீ ட்ரீ ஆயிலுக்கு நன்றாகவே வரும். செடியிலிருந்து வந்ததா, கிணற்றிலிருந்து வந்ததா என்பது தோலுக்குத் தெரியாது. எரிகிறதா, கிருமி இருக்கிறதா, ஈரம் நிற்கிறதா என்பதுதான் தெரியும்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம் ஊர்ப் பொருட்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தேங்காய் எண்ணெய்

உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வர வேண்டியதில்லை. நல்ல மதிப்பெண்தான் கொடுக்கப்போகிறேன்.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். ஆய்வகத்தில் இது தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகளை அடக்குகிறது. கரப்பான் வகைத் தோல் அழற்சி உள்ளவர்களிடம் சோதித்தபோதும் ஆலிவ் எண்ணெயைவிட நல்ல பலன் கிடைத்திருக்கிறது. தோலை மென்மையாக்கும், உதிரும் நாட்களில் அரிப்பைத் தணிக்கும். இதெல்லாம் உண்மை.

ஆனால் எந்தத் தேங்காய் எண்ணெய்? செக்கில் ஆட்டிய எண்ணெய் கொப்பரையிலிருந்து வருகிறது. கொப்பரை வெயிலில் தரையில் காய்கிறது. ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கிறது. சமையலுக்கும் தலைக்கும் அது போதும். திறந்த புண்ணுக்குப் போதாது. அதிலும் வீட்டில் இருக்கும் பாட்டிலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குளியலறை ஜன்னலில், மூடி பாதி திறந்து, வாயோரம் தூசி ஒட்டி, அடியில் கறிவேப்பிலையோ செம்பருத்தியோ ஊறிக்கொண்டு, வீட்டில் எல்லாரும் தலை வாரிய கையை விட்டு எடுத்த எண்ணெய் அது. அதே விரலால் புது டாட்டூவில் தடவினால், தலையில் இருந்த எல்லாம் கைக்கு இறங்கும்.

இன்னொன்று நம் வெக்கை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழேதான் உறையும். இந்தக் கரையில் மார்கழி விடியற்காலையை விட்டால் அது எப்போதும் தண்ணீராகவே இருக்கும். தடவிய பத்து நிமிடத்தில் வேர்வையோடு ஒழுகிச் சட்டைக்குப் போய்விடும். ஒழுகுகிறதே என்று திரும்பத் திரும்ப அப்பினால் தோல் ஊறிப்போய் வெளுத்து, மயிர்க்கால்கள் அடைத்து, சின்னச் சின்னப் பருக்களாகக் கிளம்பும்.

என் தீர்ப்பு: முதல் மூன்று நான்கு நாள், நீர் கசியும் வரை வேண்டாம். கசிவு நின்று தோல் உரியத் தொடங்கியதும், தனியாக வாங்கி வைத்த சீல் பிரிக்காத சிறிய பாட்டிலிலிருந்து, கழுவிய கையில் இரண்டு சொட்டு. தடவிவிட்டு அதிகப்படியைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

மஞ்சள்

இதில்தான் வாக்குவாதம் அதிகம். ஊர்ப்பக்கம் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"எங் கையப் பாருடா. கோலம் போட்டாப்புல இன்னும் நிக்குது. அன்னைக்கு மஞ்சளத்தான் அரைச்சு வச்சாக. எனக்கு என்ன ஆச்சு?"

"சரி அப்பத்தா, ஒங்கூடக் குத்துனவுக எல்லாருக்கும் நல்லா ஆறிச்சா?"

"ஆறாம? மேலத்தெருக்காரி ஒருத்திக்கு மட்டும் கை வீங்கி ஒரு மாசம் கெடந்தா. அது அவ ஒடம்பு வாகு."

அப்பத்தா பொய் சொல்லவில்லை. ஆறியவர்களின் கையில் சாட்சி இருக்கிறது. ஆறாதவர்களின் கதை "உடம்பு வாகு" என்று போய்விடுகிறது. ஆரோக்கியமான உடம்பு ஊசிக்குத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் மேலே எது இருந்தாலும் பேர் அதற்குப் போகும். ஆற்றினது உடம்பு, பேர் வாங்கினது மஞ்சள்.

மஞ்சளில் சரக்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. குர்குமின் என்கிற மஞ்சள் நிறப் பொருள் அழற்சியைத் தணிப்பதும் சில கிருமிகளை அடக்குவதும் ஆய்வகத்தில் உறுதியானவை. ஆனால் மஞ்சள் தூளில் அது நூற்றுக்கு 2 முதல் 5 பங்குதான். மீதி மாவு, நார், வாசனை எண்ணெய். குர்குமின் தண்ணீரில் கரைவதும் இல்லை. தண்ணீரில் குழைத்துப் பூசினால் வேலை செய்ய வேண்டிய பொருள் துகளுக்குள்ளேயே கிடக்கும், மாவு மட்டும் காயத்தில் அப்பிக்கொண்டு காய்ந்து இறுகும். கெட்டிப் பொருக்கு கூடாது என்று பார்த்தோம். மஞ்சள் பற்று அந்தப் பொருக்கை நாமே கையால் செய்து வைப்பது போன்றது.

மஞ்சள் மண்ணுக்கு அடியில் விளையும் கிழங்கு என்பதையும் மறக்க வேண்டாம். மண்ணில் வாழும் கிருமிகளின் விதைகள் அரைத்தாலும் காய்ந்தாலும் சாவதில்லை. குழம்பு கொதிக்கும்போது மற்ற கிருமிகளாவது பெரும்பாலும் அடங்கிவிடும். புண் கொதிப்பதில்லை. நிறம் கூட்டச் சேர்க்கும் கலப்படச் சாயங்கள் வேறு. அஞ்சறைப் பெட்டி மஞ்சள் அடுப்பங்கரைக்கே இருக்கட்டும். அதே பெட்டிக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: முண்டு மிளகாய் கிள்ளிய கையை எவ்வளவு கழுவினாலும் காரம் போகாது. அந்தக் கையால் டாட்டூவைத் தொட்டுவிட்டு மருந்து எரிகிறது என்று சொல்லாதீர்கள்.

மஞ்சளில் யாரும் பேசாத தொல்லை ஒன்று உண்டு. காயத்தில் தொற்று ஏறுவதன் முதல் அடையாளம் சிவப்பு பரவுவது. மஞ்சள் பூசிய தோலில் அது தெரியாது. நம் மாநிறத்தில் சிவப்பு ஏற்கெனவே கொஞ்சம்தான் தெரியும். அதையும் மூடிவிட்டால் டாக்டரே தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கற்றாழை

கொல்லையில் இருக்கும் சோற்றுக்கற்றாழை மடலை அறுத்துப் பாருங்கள். வெட்டிய வாயில் முதலில் மஞ்சளாக ஒரு நீர் கசியும், கசப்பு வாடை அடிக்கும். அது தோலுக்கும் சதைக்கும் நடுவில் ஓடும் பால். அதில் அலோயின் என்ற பொருள் இருக்கிறது, தோலை எரிக்கும், அரிக்க வைக்கும். உள்ளே கண்ணாடி போல இருக்கும் சதைதான் நமக்கு வேண்டியது. அது 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மீதியில் இருக்கும் கொழகொழப்பான மாவுச்சத்து வகைகள் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. வைத்ததும் குளுகுளு என்று இருப்பது அந்தத் தண்ணீர் ஆவியாவதால்.

ஆவியாகி முடிந்ததும் என்ன? கடற்காற்றில் கால் மணி நேரத்தில் காய்ந்து, தோலை இழுத்துப் பிடிக்கும். அதனால் கற்றாழை மட்டும் போதாது, மேலே பூட்டும் பூச்சு ஒன்று வேண்டும். தோல் மூடிய பிறகு, மடலைச் செங்குத்தாக நிற்க வைத்து மஞ்சள் பால் முழுக்க வடிந்தபின், பச்சைத் தோலையும் தாராளமாகச் சீவித் தள்ளிவிட்டுச் சதையை மட்டும் எடுங்கள். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் பூசாதீர்கள். கடையில் பச்சை நிறத்தில் மின்னும் ஜெல்லில் பல சமயம் சாராயமும் வாசனையும் சாயமும் இருக்கும். லேபிளைப் படியுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

தேன் நல்ல காயமருந்துதான், மருத்துவமனைகளிலேயே பயன்படுகிறது. ஆனால் அது காமா கதிரால் கிருமி நீக்கிய மருத்துவத் தேன். காட்டுத் தேனிலும் கடைத் தேனிலும் சூட்டுக்கும் அடங்காத கிருமி விதைகள் இருக்கலாம். எறும்பு வேறு வரும். வேப்பெண்ணெய் காரமானது, நேரடியாகப் பூசினால் பலருக்குத் தோல் சிவந்து தடிக்கும். திருநீறு காரத்தன்மை உடையது, உலர்த்திவிடும். ஏர்வாடி சந்தனக்கூட்டில் கிடைத்த சந்தனத்தை மரியாதையோடு நெற்றியில் வையுங்கள். கல்லில் இழைத்த எதையும் ஆறாத புண்ணில் வைக்க வேண்டாம். எலுமிச்சை பற்றி எழுதவே தேவையில்லை என்று நினைத்தேன், அதையும் சிலர் சொல்கிறார்கள்: வேண்டாம்.

வல்லாரை மட்டும் தனி ரகம். அதன் சத்துகளைப் பிரித்தெடுத்துச் செய்த காயக் களிம்புகள் உண்மையாகவே உள்ளன. பிரித்தெடுத்த களிம்பும் வாய்க்கால் ஓரத்தில் பறித்து அரைத்த இலையும் ஒன்றல்ல.

இந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால், திரும்பத் திரும்ப ஒரே விஷயம் வருவது தெரியும். பொருளின் குணம் ஒரு பக்கம், அது நம் கைக்கு வந்து சேர்ந்த விதம் இன்னொரு பக்கம். காயத்துக்கு இரண்டாவதுதான் முக்கியம். இதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு. 2011-ன் கடைசியில் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் 19 பேருக்கு டாட்டூ குத்திய இடத்தில் ஆறாத கொப்புளங்கள் வந்தன. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமி மை வழியாக உள்ளே போயிருந்தது. மை தயாரிப்பில் சேர்த்தது வாலை வடித்த தண்ணீர். வடித்த தண்ணீர் சுத்தமானதுதான், ஆனால் கிருமி நீக்கியது அல்ல. வடித்த தண்ணீருக்கே இந்தக் கதி என்றால், ஜன்னலோர எண்ணெய் பாட்டிலைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

கடல் தண்ணீர்

கடற்கரைக்காரர்கள் அதிகம் நம்புவது இதைத்தான். "உப்புத் தண்ணி புண்ணை ஆத்தும்" என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆஸ்பத்திரியிலும் உப்புக் கரைசலால்தான் புண்ணைக் கழுவுகிறார்கள். அதில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, நம் ரத்தத்தின் உப்புக்குச் சமம். கடலில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். நாலு மடங்கு. அந்த அளவு உப்பு செல்லிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். மீனில் உப்பைப் போட்டதும் தட்டில் தண்ணீர் தேங்குகிறதே, கருவாட்டில் நடக்கும் அதே வேலைதான் புதுத் தோலிலும் தொடங்கும்.

உப்பைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. வெதுவெதுப்பான கடலோரத் தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமிக் குடும்பம் இயற்கையாகவே வாழ்கிறது. அதில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்பது திறந்த புண் வழியாக உள்ளே போனால் சதையையே அழுக வைக்கும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு உயிரையே எடுத்துவிடும். 2017-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான சம்பவம் இது: காலில் டாட்டூ குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் குளித்த 31 வயது இளைஞர் ஒருவர் இந்தக் கிருமி தாக்கி, சுமார் இரண்டு மாதம் சிகிச்சையில் இருந்து இறந்துபோனார். அவருக்குக் கல்லீரல் நோய் இருந்தது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனால் குடிப்பழக்கம் உள்ள பலருக்குத் தங்கள் கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது.

ஆகவே அக்னி தீர்த்தக் குளியலும், கோவிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களும், ஊருணியும், நீச்சல் குளமும் தோல் முழுக்க மூடும் வரை காத்திருக்கட்டும். குறைந்தது மூன்று, நாலு வாரம். தீர்த்தமாட வருகிற பயணத்தில் முதல் நாளே டாட்டூ குத்திக்கொள்கிறவர்கள் வரிசையை மாற்றினால் போதும்: முதலில் தீர்த்தம், கிளம்பும் நாளில் டாட்டூ.

தொழிலுக்குப் போகிறவர்களுக்குத்தான் சங்கடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள் கடலுக்குப் போக மாட்டார்கள். குத்துவதென்றால் அதன் தொடக்கத்தில் குத்துவது கணக்குக்குச் சரியாக வரும். ஒரே குறை, அது கத்திரி வெயிலும் சேரும் காலம். படம் வெளியே தெரிகிற இடத்தில் இருந்தால் தளர்வான முழுக்கைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறாத தோலில் சன்ஸ்கிரீன் பூசக்கூடாது, துணிதான் குடை. நாட்டுப்படகுக்காரர்களுக்கும் கரைவலை இழுப்பவர்களுக்கும் இந்தத் தடைக்கால வசதி கிடையாது. அவர்கள் முன்கையிலும் காலிலும் குத்துவதைத் தவிர்த்து, தண்ணீர் படாத இடமாகப் பார்ப்பது நல்லது.

கடலே கொடுக்கும் காயமருந்து

கடலைத் திட்டியாயிற்று, அதன் நல்ல பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடிப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கிப் பறிக்கும் பாசிகளில் கட்டக்கோரை ஒன்று. இப்படிப்பட்ட பழுப்புப் பாசிகளிலிருந்து அல்ஜினேட் என்ற பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். கால்சியம் சேர்த்து நாராக்கினால் அது காயக்கட்டு ஆகிறது. கசியும் புண்ணில் வைத்ததும் நீரை உறிஞ்சிக்கொண்டு தானே ஜெல்லாகி, ஈரத்தையும் காக்கிறது. விண்டர் பன்றிக்குட்டியில் பாலித்தீனை வைத்துக் காட்டியதை இன்று பாசி செய்கிறது.

மரிக்கொழுந்துப் பாசியின் கதை இன்னும் வேடிக்கை. அதிலிருந்து வரும் அகர் என்ற ஜெல்லிப் பொருள்தான் ஆய்வகங்களில் கிருமி வளர்க்கும் தட்டுகளுக்கு அடித்தளம். உங்கள் டாட்டூ சீழ் பிடித்து டாக்டர் பரிசோதனைக்கு அனுப்பினால், அந்தக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது இப்படிப்பட்ட பாசியின் மேல்தான். ஆகவே கரையில் ஒதுங்கிய பாசியை அரைத்துப் புண்ணில் வைக்கலாமா என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.

சரி, என்னதான் செய்வது

டாட்டூ கடையில் சுற்றிவிடும் சமையலறைப் பிளாஸ்டிக்கை அவர்கள் சொன்ன சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். இந்த வேர்வையில் ராத்திரி முழுக்க வைத்தால் உள்ளே புழுங்கிப்போகும். காற்றுப் புகும் மருத்துவ ஒட்டுப்படலம் என்றால் கதை வேறு, அதை நாள் கணக்கில் வைக்கலாம்.

கழுவும் தண்ணீரில் கவனம் தேவை. இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படியும், அந்தப் படிவு தோலை உலர்த்தும். முதல் வாரம் குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். ஒரு சொம்பு போதும். வாசனை இல்லாத மென்மையான சோப்பு, விரல் நுனியால் மட்டும், நாளுக்கு இரண்டு தடவை. துண்டால் துடைக்காமல் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். முதல் இரண்டு நாள் மையும் நிணநீரும் கலந்து தலையணையில் கறை படும், பயப்பட வேண்டாம். படம் கலைகிறது என்று பொருளில்லை, மேலே தங்கிய மிச்ச மை வெளியேறுகிறது.

அதன்பின் வாசனையற்ற பூச்சு ஒன்று, மிக மெல்லிதாக. நாலாம் நாளிலிருந்து இரண்டாம் வாரம் வரை தோல் மீன் செதில் அளவுக்கு நிறத்தோடு உரியும். அரிக்கும். சொறியாமல் உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள். இயற்கைப் பொருள்தான் வேண்டும் என்பவர்கள் இந்தக் கட்டத்தில் தேங்காய் எண்ணெயைத் தொடங்கலாம். ஒரு நிபந்தனை: டாட்டூ குத்துவதற்குச் சில நாள் முன்பே அதே பாட்டிலிலிருந்து முழங்கையின் உட்பக்கம் ஒரு சொட்டு தடவி இரண்டு நாள் பார்த்திருக்க வேண்டும். சிவப்போ அரிப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாத பொருள், எவ்வளவு இயற்கையாக இருந்தாலும்.

எதைப் பூசினாலும் தீராதவை

ஊசி சுத்தமில்லை என்றால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. போன்றவை ரத்தத்தில் நேரே போய்விடும். அதற்கு எந்தக் களிம்பும் கிடையாது. உங்கள் கண்முன் புது ஊசியைப் பிரிக்கச் சொல்லுங்கள், மையைச் சிறிய கிண்ணத்தில் ஊற்றி மிச்சத்தை எறியச் சொல்லுங்கள். திருவிழாக் கடையில் ஒரு ஊசி பத்துக் கை பார்த்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் மெதுவாக ஆறும், குத்துமுன் அளவு பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய தழும்புகள் தடித்து வளர்ந்த அனுபவம் இருந்தால், டாட்டூவும் அப்படியே தடிக்கலாம்.

முதல் இரண்டு மூன்று நாள் வலியும் சிவப்பும் சூடும் இயல்பு. அதன்பின் குறைய வேண்டும். குறையாமல் கூடினால், சிவப்பு படத்தைத் தாண்டிப் பரவினால், கோடாக மேலேறினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடல் தண்ணீர் பட்ட பிறகு கால் கறுத்து வீங்கி வலி தாங்க முடியாமல் இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல வாரம் கழித்துப் படத்துக்குள் கொப்புளங்கள் கிளம்பினாலும் காட்டுங்கள்.

போகுமுன் மேலே பூசியதைக் கழுவிவிடுங்கள், தோலின் நிறம் டாக்டருக்குத் தெரிய வேண்டும். எதைப் பூசினீர்களோ அந்தப் பாட்டிலையும் எடுத்துப் போங்கள். அப்பத்தா மஞ்சள் வைத்தார் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், யார் திட்டினாலும் பரவாயில்லை.